புளியமரத்தைத் தாண்டி வந்த கேபிள்

7

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ரெனி ஸ்கூட்டரைத் திருப்பியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த மரிய அருண் மாதாவையும் அந்தோணியாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான்.

“கண்ணைத் திற. வளைவு போயாச்சு,” என்றாள் ரெனி.

“உன் கண்ணு திறந்துருக்கா? அதை மட்டும் சொல்லு, போதும்.”

அவன் மடியில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே மூன்று வகை ரௌட்டர், ஒரு குறடு, இரண்டு வாழைப்பழம். திருப்பத்தூரில் இருவருக்கும் ஒரே அறைதான் அலுவலகம். வாசலில் மேல் பலகை ‘ரெனி துப்பறியும் நிலையம்’. கீழ்ப் பலகை ‘அருண் ரௌட்டர், கேமரா விற்பனை, பழுது பார்த்தல்’. கல்யாணமாகி ஆறு வருடத்தில் கீழ்ப் பலகையைப் பார்த்து வந்தவர்களே அதிகம். ஆனால் மேல் பலகைக்கு ஒரு ஆள் வந்துவிட்டால், கீழ்ப் பலகை கடையைப் பூட்டிவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொள்ளும்.

“மணி இன்னா?”

“மூணு அஞ்சு. அஞ்சு மணிக்கு அந்த விதைக் கம்பெனி ஆபீசர் வர்றாரு. நம்மள வர வேணாம்னு சொன்னாரே, ஞாபகம் இருக்கா?”

“அதனாலதான் வர்றேன்,” என்றாள் ரெனி. ஸ்கூட்டர் உறுமியது.

காவலூர் பிரிவில் திருப்பத்தூர் பஸ்ஸுக்கு வழிவிட்டு, நெல்லிக்கொல்லை மண் பாதையில் இறங்கினார்கள். மூன்று நாளில் அவர்கள் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். பிப்ரவரி இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஒரு விதை நிறுவனம் மலைப் பகுதிக்குக் கள அலுவலர் வேண்டுமென்று இணையவழித் தேர்வு வைத்தது. வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா மட்டும் முழு நேரமும் ஓட வேண்டும். காலை பத்து மணிக்கு ஆரம்பம். பதினொன்றரை வரை தாமதமாக நுழையலாம். நெல்லிக்கொல்லையில் எழுதியவர்கள் இரண்டு பேர். கோகுல்ராஜ் பத்து மணிக்கு நுழைந்து பதினொன்று இருபதுக்கு முடித்தான். அடுத்த வீட்டுப் பிரியதர்ஷினி பதினொன்று இருபத்தொன்றுக்கு நுழைந்தாள்.

இடையில் ஒரே ஒரு நிமிடம். அந்த நிமிடத்தையும், அப்போது கோகுல்ராஜ் வேலியோரம் நின்று ஏதோ கத்தியதாக யாரோ சொன்னதையும் நிறுவனம் பிடித்துக்கொண்டது. அவன் முடிக்கும்வரை காத்திருந்து, கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு உள்ளே போனாள் என்று எழுதியது. இருவர் தாளும் திருத்தப்படாமல் நின்றன. இன்று மாலை ஐந்து மணிக்குள் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடியும். போடாவிட்டால் போலீசில் புகார். கோகுல்ராஜ் போட்டுவிட்டான். பிரியதர்ஷினி போடவில்லை.

“நெட்டு ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தாங்க்கா வந்துச்சு. பத்து மணியிலேர்ந்து நான் முட்டிக்கினே இருந்தேன். அவன் வெளிய வந்தப்புறம்தான் எனக்கு உள்ள போச்சு,” என்று அவள் முதல் நாளே ரெனியிடம் சொல்லியிருந்தாள். நிறுவனம் அதை நம்பவில்லை. காரணம், ஊருக்கு நெட் கொடுக்கும் இளவரசன் எழுத்துமூலம் தந்த பதில்: ‘எனது இணைப்பில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் தேர்வு எழுதலாம்.’

ஆக, அந்த வெள்ளிக்கிழமை நெல்லிக்கொல்லையின் நெட் அகலமா, குறுகலா? அது தெரிந்தால் போதும்.

பிரியதர்ஷினி வாசலிலேயே நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது, விவசாயப் பட்டம், இரண்டு நாள் தூங்காத கண். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா கெங்கம்மாள், கையில் அந்த மன்னிப்புக் கடிதத்தோடு.

“நீயாவது சொல்லும்மா இவளுக்கு,” என்றாள் கெங்கம்மாள், வணக்கம்கூடச் சொல்லாமல். “ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டா போலீசு கீலீசுன்னு வராது. இவ அப்பா இருந்தா போடச் சொல்லிருப்பாரு.”

“அப்பா இருந்தா கடுதாசியக் கிழிச்சிருப்பாரு,” என்றாள் மகள்.

“வூட்ல பொட்டப்புள்ளைய வெச்சிக்கினு ஜீப்பு வந்து நின்னா ஊரு இன்னா பேசும்? ஏற்கெனவே அந்தக் கோகுலோட சேத்து வெச்சிப் பேசறாங்க.”

“அவனோடயா? எங்க வூட்டு முருங்கையில கீரை ஒடிக்கிறதுக்கே கேக்காத பய. அவனுக்காக நான் திருடுனேன்னு சொல்றதுதாங்க்கா எனக்கு அவமானம்.”

அருண் சிரிப்பை அடக்கக் குனிந்து பெட்டியைத் திறந்தான். ரெனி கெங்கம்மாள் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, மடித்து, மறுபடி அவள் கையிலேயே வைத்தாள்.

“அஞ்சு மணி வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. அருண், அந்தக் குடக் கதையைச் சொல்லு.”

அருணுக்கு இந்த மாதிரிச் சந்தர்ப்பம்தான் வேண்டும். எழுந்து, மலைச் சரிவைக் காட்டினான். மேலே ரோட்டோரம் இளவரசனின் கடை. பாதிச் சரிவில் குமரேசனின் மோட்டார் கொட்டகை. கடைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு பெரிய புளியமரம். கொட்டகைக்குக் கீழே இந்த வீடுகள்.

“மெயின் ரௌட்டர் மேல கடையில. அங்கேர்ந்து இங்க வரைக்கும் எட்டாது. அதனால கொட்டகையில ஒரு ரிப்பீட்டர் பெட்டி. அது இன்னா பண்ணும்? கடையிலேர்ந்து காத்துல வர்றதை வாங்கி, மறுபடி காத்துலயே உங்களுக்கு வீசும். ஆனா அது ஒத்தை ஆளு, ஒத்தைக் குடம். மேல போயி தண்ணி புடிக்கும்போது கீழ ஊத்த முடியாது. கீழ ஊத்தும்போது மேல புடிக்க முடியாது. அதனால பாதி வேகம் அங்கயே போச்சு. குறுக்க புளியமரம் வேற. ஏற்கெனவே மேலேர்ந்து வர்ற தண்ணியே நூலு மாதிரிதான்.”

“வேற வழியே இல்லியா?” என்றாள் கெங்கம்மாள்.

“இருக்கே. கொஞ்சம் காசு போட்டா ரெண்டு அலைவரிசைப் பெட்டி. ஒரு கையில வாங்கி இன்னொரு கையில கொடுக்கும். இல்லன்னா ரெண்டு தட்டு ஆன்டெனாவை ஒண்ணுக்கொண்ணு முகம் பார்த்து வைக்கணும். கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி, நடுவுல யாரும் நிக்கக் கூடாது. இங்க புளியமரம் மாமியாராட்டம் நிக்குது. எல்லாத்தையும் விட நல்லது, கடையிலேர்ந்து கொட்டகைக்கு ஒரு கேபிள் இழுத்துட்டு, அதே பெட்டியைக் கேபிள்ல மாட்டி விடறது. குடமே வேணாம். நேரா குழாய்.”

“அப்ப இளவரசு குடம்தான வெச்சிருக்கான்?” என்றாள் கெங்கம்மாள்.

“அதைத்தான் காட்டப் போறோம்,” என்றாள் ரெனி.

கோகுல்ராஜைக் கூப்பிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தலையைக் குனிந்துகொண்டே வந்தான். நிறுவனத்தின் ஒத்திகைத் தேர்வுப் பக்கம் இன்னும் திறந்துதான் இருந்தது. அதிலும் கேமரா ஓட வேண்டும். முதலில் கோகுல்ராஜ் தன் வீட்டிலிருந்து நுழைந்தான். அருண் விரலால் எண்ணினான். “இப்ப நீ போம்மா. சுத்திக்கினே நிக்கும் பாரு.”

பிரியதர்ஷினி தட்டினாள்.

இரண்டு நொடி. அவள் முகம் திரையில் பளிச்சென்று வந்தது. முதல் கேள்வி திறந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கோகுல்ராஜின் தேர்வும் தங்குதடையின்றி ஓடியது. ரெனி தன் போனையும் சேர்த்துப் பார்த்தாள். அதுவும் உள்ளே போனது. மூன்று கேமரா, ஒரு திக்கல் திணறல் இல்லை.

அருண் வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

“அன்னிக்கு இப்படி இல்லக்கா,” என்றாள் பிரியதர்ஷினி. குரல் உடைந்தாலும் கண்ணில் நீர் இல்லை. “சத்தியமா இப்படி இல்ல.”

கெங்கம்மாள் கடிதத்தை நீட்டினாள். “போட்டுடு கண்ணு.”

“மாட்டேன்.”

“அதான் நல்லா வருதே! அந்த ஆளு இதையே செஞ்சி பாத்தா?”

“வரட்டும். செஞ்சி பாக்கட்டும். நான் திருடலன்றது நல்லா வந்தா மாறிடுமா?”

ரெனி அந்தப் பெண்ணை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க,” என்றாள்.

அருண் நிமிர்ந்தான். ரெனி அவனை ‘ஏங்க’ என்று அழைப்பது வருடத்துக்கு இரண்டு முறை. இரண்டும் கோபம் வந்தால்தான்.

“ஒத்தைக் குடம் இவ்வளவு வேகமா ஊத்துமாங்க?”

“சத்தியமா ஊத்தாது.” வாழைப்பழத்தை அப்படியே பெட்டியில் போட்டான். “கொட்டகைக்குப் போலாம்.”

கொட்டகை பூட்டியிருக்கவில்லை. சுவரில் ஆணியடித்து, மழைக்கு மேலே ஒரு பெயின்ட் டப்பா மூடியைக் கவிழ்த்து, வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்கியது. அருண் அதன் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல விசிலடித்தான்.

“ரெனி. இது ரிப்பீட்டரே இல்ல. அதாவது, இப்ப இல்ல. பக்கத்துல சின்ன சுவிட்ச் பாரு. ரிப்பீட்டர்லேர்ந்து மாத்தித் தள்ளியிருக்காங்க. கீழ கேபிள் செருகியிருக்கு.”

கறுப்புக் கேபிள் கொட்டகையின் கூரையைத் தாண்டி வெளியே போனது. வேலிக் கம்பத்தில் ஒரு சுற்று. பிறகு நேராகப் புளியமரத்துக்கு. அங்கிருந்து கடைக்கு. மொத்தம் எண்பது மீட்டருக்குள்.

“இது எப்ப வந்துச்சு?” ரெனி மற்ற மூவரையும் பார்த்தாள்.

பிரியதர்ஷினி உதட்டைப் பிதுக்கினாள். “கொட்டகைப் பக்கம் நாங்க வர்றதே இல்லக்கா. குமரேசன் மாமா போரு வத்திப் போயி, செங்கத்துக்கு வேலைக்குப் போய்ட்டு மூணு மாசம் ஆவுது.”

“கேபிள் புதுசா, பழசா?” ரெனி அருணைக் கேட்டாள்.

“வெய்யில்ல ரெண்டு மாசம் கிடந்தாலும் ரெண்டு வாரம் கிடந்தாலும் இந்தக் கறுப்பு ஒரே கறுப்புதான். என்னால சொல்ல முடியாது.”

“அப்ப இளவரசனைக் கேப்போம்.”

மேலே ரோட்டில் ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி நான்கு இருபது. ஆபீசர் சீக்கிரமே வந்துவிட்டார்.

இளவரசன் நாற்பது வயதுக்காரன், எப்போதும் சிரித்த முகம். ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆதார் திருத்தம், பிறகு ஊருக்கே நெட். கீழே ஆலங்காயத்திலிருந்து பைக்கில் தினமும் ஏறி வந்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவான். கடை வாசலில் ஆபீசர் சதீஸ்குமாருக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சதீஸ்குமார் ரெனியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “உங்களை வர வேணாம்னு சொன்னேனே மேடம்.”

“சொன்னீங்க சார். கேக்கல.”

“நெட்டை நீங்களே சோதிச்சுப் பாத்திருப்பீங்க. எப்படி இருந்தது?”

“ரொம்ப நல்லா இருந்தது. மூணு பேர் ஒண்ணா போனோம்.”

அருண் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிரியதர்ஷினியும் பார்த்தாள். இளவரசனின் சிரிப்பு இன்னும் ஒரு அங்குலம் விரிந்தது.

“நான் எழுதிக் கொடுத்தது சும்மாவா மேடம்? கேபிள் மேடம், கேபிள். இந்த ரிப்பீட்டர் கிப்பீட்டர்லாம் நம்பக் கூடாதுன்னு பொங்கலுக்கே இழுத்துட்டேன்.”

“பொங்கலுக்கா?” ரெனி ஆச்சரியம் காட்டினாள். “மரத்துல எல்லாம் ஏறிக் கட்டியிருக்கீங்களே, நீங்களேவா?”

“நானேதான். ஆளு வெச்சா ஒழுங்கா கட்ட மாட்டான்.”

“காத்து, மழை, குரங்கு... நடுவுல அவுந்துக்கலியா? மாத்திக் கீத்திக் கட்ட வேண்டி வந்ததா?”

“நான் கட்டினா கட்டினதுதான். பொங்கலுக்குப் போட்ட முடிச்சு. இன்னி வரைக்கும் கை வைக்கல.”

“சார், கேட்டுக்கிட்டீங்கல்ல?” ரெனி சதீஸ்குமாரிடம் சொன்னாள். “பொங்கலுக்குப் போட்ட முடிச்சு. இன்னி வரைக்கும் கை வைக்கல. வாங்க, அந்த முடிச்சைப் பாத்துட்டு வந்துடலாம். அம்பது அடிதான்.”

“எதுக்கு?”

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ஒரு தடவ பாக்கட்டுமே.”

உண்மையில் அவளிடம் இன்னும் எதுவும் இல்லை. அருணுக்கு அது தெரிந்தது. நடக்கும்போது அவள் காதருகே, “மரத்துல இன்னா இருக்குது?” என்று கேட்டான்.

“தெரியல. ஆனா தேதி கேட்டா உடனே சொல்றான். யோசிக்காம சொல்ற தேதி யோசிச்சு வெச்ச தேதி.”

மரத்தடியில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கேபிள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, மரத்தின் கடைப்பக்கக் கவட்டைக்குள் நுழைந்து, நடுவில் ஒரு மொட்டைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொட்டகைப் பக்கம் இறங்கியது. இறுக்கமான, அழகான கட்டு. சதீஸ்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். ரெனி மரத்தைச் சுற்றி வந்தாள். ஒன்றும் இல்லை. இரண்டாவது முறையும் சுற்றினாள்.

கெங்கம்மாள் மட்டும் அண்ணாந்த தலையை இறக்கவில்லை.

“ஏம்பா இளவரசு,” என்றாள் மெதுவாக. “இந்தக் கேபிளு பொங்கலுக்கே கட்டுனதா?”

“ஆமாம்மா. எத்தினி தடவை சொல்றது?”

“அப்ப நாங்க உலுக்குனப்ப எங்க போயிருந்துச்சு?”

ரெனி நின்றுவிட்டாள்.

“இது எங்க மரம் சார்,” என்றாள் கெங்கம்மாள். இதுவரை ஆபீசர் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவள் இப்போது நேராகப் பார்த்தாள். “மாசியிலதான் புளி உலுக்குவோம். இந்த வருசம் இவ பரீட்சை முடியட்டும்னு நிறுத்தி வெச்சேன். முடிஞ்சப்புறம் ஞாயித்துக்கெழம ஆரம்பிச்சோம். குப்பன் மேல ஏறி ஒவ்வொரு கிளையா உலுக்குனான். நாங்க கீழேர்ந்து தொரட்டி போட்டு இழுத்தோம். கேபிளு இருந்திருந்தா மொதல் இழுப்புலயே தொரட்டியில மாட்டிக்கினு வந்திருக்கும். அன்னிக்கு இந்த மரத்துல காக்கா கூடுகூட மிச்சமில்ல.”

இளவரசன் சிரித்தான். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றது. “உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மேல இருந்தது. ஓரமா இருந்தது.”

“எந்த ஓரம்?” கெங்கம்மாள் கையை உயர்த்தி அந்த மொட்டைக் கட்டையைக் காட்டினாள். உயர்த்தியதும் சேலைத் தலைப்பு விலகி, முழங்கைக்கு மேல் தையல் பிரித்த புண் தெரிந்தது. “இந்தக் கட்டையிலதான கட்டியிருக்க? பொங்கலப்ப இது கட்டையே இல்லப்பா. முழுக் கிளை. என் இடுப்பு கனம். திங்கக்கெழம குப்பன் மிதிச்சான், முறிஞ்சி என் கை மேல வுழுந்துச்சி. கிளை வுழுந்தப்புறம் மிச்சம் நின்னதுதான் இந்தக் கட்டை.”

அருண் கட்டையை அண்ணாந்து பார்த்து, “ஆண்டவரே,” என்றான். இம்முறை வளைவுக்குப் பயந்து அல்ல.

“என்னைக்கு முறிஞ்சதுன்னு எழுத்துல இருக்காம்மா?” ரெனியின் குரல் நிதானமாக இருந்தது.

“ஆஸ்பத்திரி சீட்டு இருக்கே.” போன் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்தாள். “நாலு தையலு. அங்க நர்சம்மாகிட்டயே சொன்னேன், கிளை வுழுந்துச்சின்னு. எழுதியிருப்பாங்க.”

எழுதியிருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய முத்திரை. பிப்ரவரி இருபத்து மூன்று. மரக்கிளை விழுந்து வலது மேல்கையில் காயம்.

சதீஸ்குமார் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். மேலே பார்த்தார். முறிவின் சிவந்த நார் இன்னும் காய்ந்து முடியவில்லை. அதன் மேலேயே கேபிளின் இரண்டு சுற்று.

“தேர்வு இருபதாம் தேதி சார்,” என்றாள் ரெனி. “கட்டை பிறந்தது இருபத்து மூணாம் தேதி. பிறக்காத கட்டையில இவர் பொங்கலுக்கே முடிச்சுப் போட்டிருக்கார். அதுக்கப்புறம் கை வைக்கவும் இல்லையாம். நீங்க கேட்டீங்க.”

“மரம்னா மரம்தானே மேடம், எந்தக் கிளைன்னு யாரு பாத்தா...” என்று ஆரம்பித்த இளவரசன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“நீங்க பாக்கல,” என்றாள் பிரியதர்ஷினி. “உங்களுக்கு இது கம்பம். எங்களுக்கு இது மரம்.”

“எதுக்கு இளவரசன்?” சதீஸ்குமார் கேட்டார். குரலில் கோபத்தைவிடக் குழப்பம் அதிகம்.

இளவரசன் மரத்தடி வேரில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தபடியே பேசினான். “உங்க கம்பெனியில மலைக்கு ஒரு தேர்வு மையம் வெக்கப் போறதா சொன்னீங்க. ஜனவரியில ஃபாரம் கொடுத்தீங்க. பத்துப் பேர் ஒண்ணா எழுதலாமான்னு ஒரு கட்டம். ஆமான்னு போட்டேன். கேபிள் இழுத்துடலாம்னுதான் போட்டேன் சார். சுருள் வர்றதுக்கு லேட்டாயிடுச்சு. அதுக்குள்ள தேர்வு வந்துடுச்சு. தேர்வு முடிஞ்சு ஒரு வாரத்துல, இந்தப் பொண்ணு நெட் வரலன்னு எழுதினதும், நீங்க எனக்கு போன் பண்ணிக் கேட்டீங்க. இல்லன்னு சொன்னா மையம் போயிடும். அன்னிக்கு சாயங்காலமே இழுத்துட்டேன்.”

“என் பேரு போச்சேண்ணா,” என்றாள் பிரியதர்ஷினி. “அது தெரிஞ்சுமா?”

“சின்னப் பொண்ணு, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடும்னு நெனச்சேன்.”

அவள் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு அல்ல. “எல்லாருமே அதைத்தான் நெனச்சீங்க.”

கெங்கம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்தாள். அதை நான்காகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மரத்தடியில் குப்பை போட அவளுக்குப் பிடிக்காது.

“சார்,” என்றாள் ரெனி, “சீட்டை நம்பினா மட்டும் போதாது. கண்ணால பாத்துடுங்க. அருண், பழைய மாதிரி மாத்து.”

அருண் கொட்டகைக்கு ஓடினான். கேபிளைப் பிடுங்கினான். பெட்டியின் பக்கத்தில் இருந்த சின்ன சுவிட்சை ரிப்பீட்டருக்குத் தள்ளினான். பழைய அமைப்பு அழியாமல் உள்ளேயே இருந்தது. விளக்கு இரண்டு முறை சிமிட்டி, கடையின் அலையைப் பிடித்துக்கொண்டது.

கோகுல்ராஜ் தன் வீட்டிலிருந்து ஒத்திகைத் தேர்வுக்குள் போனான். பிரியதர்ஷினி தன் வாசலில், சதீஸ்குமாரின் கண்ணெதிரே, தட்டினாள்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் மறுபடி தட்டினாள். மறுபடி வட்டம். மூன்றாவது, நான்காவது. சதீஸ்குமார் போனை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். ஒன்பதாவது தடவை திரை வெள்ளையாகி, ‘இணைப்பு இல்லை’ என்றது.

“இப்படித்தான் சார் எண்பது நிமிசம்,” என்றாள் அவள்.

“அந்தத் தம்பியை வெளிய வரச் சொல்லுங்க,” என்றார் சதீஸ்குமார்.

வேலியோரம் வந்து கோகுல்ராஜ் கத்தினான். “நான் முடிச்சிட்டேன், நீ உள்ள போ!”

கத்திய பிறகுதான் அவனுக்கே புரிந்தது. அன்றைக்கும் இதே வார்த்தைகளைத்தான் இதே இடத்தில் நின்று சொன்னான். அதை யாரோ கேட்டுச் சொல்ல, நிறுவனம் அதையே கூட்டுச் சதி என்று எழுதியது. “சார்,” என்றான், முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, “நான் அன்னிக்கு இவ்ளோதான் சொன்னேன். நெட்டை விட்டுட்டேன், போன்னு சொன்னேன். ஒரு கேள்வியும் சொல்லல. போலீசுன்னதும் பயந்து கையெழுத்துப் போட்டேன். என் கடுதாசியையும் குடுத்துடுங்க.”

நாற்பத்தாறு நொடியில் பிரியதர்ஷினியின் திரை திறந்தது. முதல் கேள்வி வந்தது. சதீஸ்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லோரும் கடைக்குத் திரும்பி ஏறினார்கள். சதீஸ்குமார் ஜீப்பின் கதவைத் திறந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. ரெண்டு பேரும் மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்த மாசம் உங்களுக்குன்னே தனியா ஒரு தேர்வு வெக்கச் சொல்றேன். திருவண்ணாமலைக்கே வந்து, எங்க ஆபீசுலயே உக்காந்து எழுதலாம். நெட் பிரச்சனையே இருக்காது. போக வர வண்டி அனுப்பறேன்.”

நல்ல மனிதர்தான், தோற்றவர் மாதிரி இல்லாமல் கொடுப்பவர் மாதிரி பேசினார். கோகுல்ராஜ் தலையாட்டத் தொடங்கினான். பிரியதர்ஷினி ஆட்டவில்லை.

“நான் எழுதிட்டேன் சார்,” என்றாள். “திருத்துங்க.”

“இல்லம்மா, புதுசா எழுதினா யாரும் ஒரு வார்த்தை...”

“மறுபடி எழுதினா, மொதல்ல எழுதினது பொய்யின்னு ஆயிடும். அன்னிக்கு எழுதினதுல நான் ஃபெயிலாவே இருக்கட்டும். அது என்னோட ஃபெயில். அதைக் குடுங்க.”

சதீஸ்குமார் ரெனியைப் பார்த்தார், ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல. ரெனி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சரிம்மா. ரிசல்ட்டு நாளைக்கு மெயில்ல வரும்.”

“கம்ப்யூட்டர் திருத்தற தாள்தான சார்? அதுக்கு நாளைக்கு எதுக்கு?”

அவள் கடை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போகிறவள் உட்காரும் விதம் அல்ல அது. கெங்கம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காயம்பட்ட கையை ஊன்றாமல் இன்னொரு கையை ஊன்றி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோகுல்ராஜ் கொஞ்சம் தயங்கி, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான்.

“ரெனி, நாமளும் உக்காரலாமா?” என்றான் அருண். “எனக்கு இன்னொரு வாழைப்பழம் இருக்குது.”

மணி நான்கு ஐம்பத்தெட்டு. சதீஸ்குமார் ஜீப் கதவைச் சாத்தினார். போனை எடுத்தார்.

“ஆபீசா? நெல்லிக்கொல்லை ரெண்டு தாளையும் தடையிலேர்ந்து எடுங்க,” என்றார். மறுமுனையில் யாரோ நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கு இல்லப்பா. இப்பவே திருத்துங்க. லைன்லயே இருக்கேன்.”